விளம்பர வாசகமும் செயற்கை நுண்ணறிவும்

கல்லூரி விழா மலரொன்றைக் கையிலெடுப்போர் வாழ்த்துரைகளையும் வரலாற்றுக் கட்டுரைகளையும் நிழற்படங்களையும் நின்று நோக்குவர். பின்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுவர். ஆயின், அப்பின்பக்கங்களிலேதான் பழைய மாணவர் பலர் தத்தம் தொழிலைப் பற்றி நான்கு வரி எழுதுவித்து, மலரின் அச்சுச் செலவைத் தாங்கி நிற்கின்றனர். அந்நான்கு வரிகளும் எழுத்துக் கலையின்பாற்பட்டனவே. கட்டுரை சிறிது நீண்டால் வாசகர் பொறுப்பர். விளம்பரம் நீண்டால் பொறார். எனவே, அளவாற் சிறியதாயினும் முயற்சியாற் பெரியது விளம்பர வாசகம் எனலாம்.

முன்னர் ஒரு வணிகர் தம் கடைக்கு அறிவித்தல் எழுத வேண்டின், ஊரிலுள்ள தமிழாசிரியரையோ அச்சகத்தாரையோ நாடுவார். இன்று அவர் தம் கைப்பேசியை எடுத்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றிடம் கேட்கின்றார். அதுவும் சில விநாடிகளுள் பத்து வாசகங்களை எழுதிக் கொடுக்கின்றது. இதனைக் கண்டு அஞ்சுவோரும் உளர். வியந்து அப்படியே அச்சிற்குக் கொடுப்போரும் உளர். இரண்டும் தகா என்பதே எம் கருத்து. கருவி சொற்களை எளிதில் தரும். எதனைச் சொல்லுவது, அது மெய்தானா, அது எம்மவர் மொழிதானா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தரும் பொறுப்பு எழுதுவிப்போனிடமே எஞ்சி நிற்கின்றது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஈண்டு விளக்குவாம்.

விளம்பர வாசகம் என்பது யாது? ஒரு பொருளையோ பணியையோ வேண்டுவோர்க்கு, அது தமக்கு ஏன் வேண்டும் என்பதைச் சில சொற்களால் உணர்த்தி, அடுத்துச் செய்ய வேண்டியதையும் அறிவிப்பது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு உரிய அழகு பத்தினையும் குற்றம் பத்தினையும் வகுத்துள்ளார். அவர் விளம்பரத்தை எண்ணி அவற்றை வகுத்தாரல்லர். எனினும், சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் விளம்பரத்துக்கு உயிர் போல்வன. மிகைபடக் கூறலும், பொருளின்றிச் சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தலும் அதனைக் கொல்லுவன. சுருக்கம் வேண்டுமென்று இன்றியமையாததை விட்டுவிடுதல் குன்றக் கூறல் என்னும் குற்றமாம். விலையையும் இடத்தையும் கூறாத விளம்பரம் எத்துணை அழகாயிருப்பினும் குன்றக் கூறிற்றேயாம்.

வாசகத்துக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது? அடைமொழிகளிலிருந்து வருவதன்று, பொருளைப் பற்றிய ஒரு தனி உண்மையிலிருந்து வருவது. விளம்பரக் கலையில் பெரும் புகழ் பெற்ற டேவிட் ஒகில்வி என்பார் 1958 ஆம் ஆண்டில் றோல்ஸ் றொய்ஸ் மோட்டார் வண்டிக்கு எழுதிய விளம்பரம் இதற்குத் தக்க சான்று. அவ்வண்டியைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் அவர் மூன்று வாரம் படித்தனர். வண்டி விரைந்து செல்லும்போதும் அதனுள்ளே கேட்கும் பெரிய ஒலி மின்கடிகாரத்தின் ஒலியே என்னும் செய்தியை, மோட்டார் வண்டிகளைப் பற்றிய சஞ்சிகை ஒன்றில் வந்த குறிப்பிலிருந்து கண்டெடுத்தனர்; அதனையே தலைப்பாக்கினர். உலகிற் சிறந்த வண்டி என்று ஆயிரம் முறை கூறியிருப்பினும் எய்தாத பயனை, அச்சிறு கடிகாரம் எய்துவித்தது. படிப்பவன் தானே முடிவு செய்தற்கு ஏற்ற உண்மையைக் கொடுத்துவிட்டு எழுதுவோன் ஒதுங்கிக் கொள்ளுதலே இம்முறையின் சிறப்பு.

இனி, கருவி எவ்வாறு எழுதுகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஓப்பன் ஏஐ நிறுவனம் சட்ஜிபிடி என்னும் கருவியை 2022 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதன் பின்னர் இவ்வகைக் கருவிகள் பல எங்கும் பரவின. இவை இணையத்திலும் நூல்களிலும் உள்ள பேரளவான எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. சொற்களைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, இதுவரை வந்த துண்டுகளுக்குப் பின் எத்துண்டு வருதல் இயல்பு என்று கணித்துக் கணித்து எழுதிச் செல்வதே இவற்றின் அடிப்படை முறை. அதனாலே, பலரும் பல இடத்தும் எழுதிய நடை இவற்றுக்கு எளிதாக வருகின்றது. ஒருவர் மட்டும் அறிந்த செய்தி, நாம் கூறினாலன்றி வாராது. விளம்பரத்துக்கு வேண்டியதோ அவ்வொருவர் மட்டும் அறிந்த செய்தியே. கருவியின் இயல்பும் விளம்பரத்தின் தேவையும் மாறுபட்டு நிற்கும் இடம் இதுவே.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். எம்மூர்ப் பழைய மாணவர் ஒருவர் பனங்கட்டி விற்கின்றார் என்று கொள்வோம். பனங்கட்டிக்கு ஒரு விளம்பரம் எழுதுக என்று மட்டும் கருவியிடம் கூறின், அது பெரும்பாலும் இவ்வாறு தரும்: "இயற்கையின் அற்புதச் சுவை! பாரம்பரியத்தின் பெருமை! ஆரோக்கிய வாழ்வுக்கு அருமையான தேர்வு! இன்றே வாங்கி மகிழுங்கள்!" இதிற் பிழையான சொல் ஒன்றுமில்லை, பயனுள்ள சொல்லும் ஒன்றுமில்லை. பனங்கட்டியை நீக்கித் தேனை வைத்துப் பாருங்கள், பொருந்தும். தேயிலையை வையுங்கள், பொருந்தும். குளிக்கும் சவர்க்காரத்தை வைப்பினுங்கூடச் சுவை என்னும் சொல்லொன்றை மாற்றினாற் போதும். எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் வாசகம் எப்பொருளுக்கும் உரியதன்று. இம்மாற்றிப் பார்த்தலை ஒரு சோதனையாகவே கொள்ளலாம்.

இனி, அதே வணிகர் முதலில் ஒரு தாளை எடுத்துத் தாம் அறிந்தவற்றை எழுதட்டும். கருப்பநீர் எவ்வூர்ப் பனைகளிலிருந்து இறக்கப்படுகின்றது? அது புளியாதிருத்தற்பொருட்டு முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவப்படுகின்றதா? இறக்கிய அன்றே காய்ச்சப்படுகின்றதா? தாச்சியருகே நின்று பதம் பார்ப்பவர் யார், எத்தனை ஆண்டுப் பழக்கம் உடையவர்? கட்டி ஓலைக் குட்டானில் வார்க்கப்படுகின்றதா? ஒரு குட்டானின் நிறை எவ்வளவு, விலை எத்தனை ரூபா? எந்நாளில் எங்கே கிடைக்கும்? வாங்குவோர் யார்: தேநீரோடு கடித்துக்கொள்ளும் முதியோரா, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்புவோரா? இவற்றுக்கு விடை எழுதிய பின்னரே கருவியிடம் செல்லுதல் வேண்டும்.

கேட்கும் முறையும் ஒன்று உண்டு. முதலாவது, மேற்கூறிய உண்மைகளை முழுதும் கொடுத்து, இவற்றுக்குப் புறம்பாக எதனையும் சேர்க்க வேண்டாம் என்று கட்டளையிடுக. இரண்டாவது, வாசகம் யாருக்கு, எங்கே வெளிவரும், எத்தனை சொல் என்பதைக் கூறுக. மூன்றாவது, எழுதுமுன் உனக்குத் தெரிய வேண்டியவை எவை என்று கருவியையே கேட்குமாறு செய்க. நாம் எண்ணாதுவிட்ட வினாக்களை அது நினைவூட்டுதல் உண்டு. நான்காவது, ஒரு வாசகத்தோடு அமையாது பத்து வாசகங்களைப் பெறுக. ஒன்று விலையையும், ஒன்று செய்முறையையும், ஒன்று கிடைக்கும் நாளையும் முதன்மையாகக் கொள்ளட்டும். ஐந்தாவது, பத்தில் ஒன்பதைத் தள்ளுக. எஞ்சிய ஒன்றிலும் அற்புதம், அருமை, பெருமை என வரும் அடைகளை வெட்டுக. வெட்டிய பின்னரும் வாசகம் நிற்குமாயின் அது நல்ல வாசகம். கருவியின் உண்மையான உதவி பல வழிகளை விரைந்து காட்டுதலிலேயே உள்ளது. தேர்தல் நம் தொழில்.

அவ்வாறு தேர்ந்து வெட்டியபின் கிடைக்கும் வாசகம் இத்தன்மையதாயிருக்கும்: "பனங்கட்டி, நேற்றுக் காய்ச்சியது. சீனி கலவாதது. இன்று மாலை சந்தையில்." இதில் அணியுமில்லை, ஆரவாரமுமில்லை. ஆயினும், பனங்கட்டியிற் சீனி கலந்து விற்போரும் உளர் என்பதை அறிந்த எம்மவர்க்கு அவ்விரண்டாம் வாக்கியம் எத்துணை வலிமையுடையது என்பது கூறாமலே விளங்கும். அதே காரணத்தால், அது பொய்யாயின் எத்துணைக் கேடு பயக்கும் என்பதும் விளங்கும்.

இவ்வாசகத்துக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. இக்காலத்து விளம்பரம் பல கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவே செல்லுகின்றன. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழில் எழுதின் 70 இடமே உண்டு. மேலும், கணினியின் கணக்கும் எமது இலக்கணக் கணக்கும் வேறு. நாம் ஓரெழுத்தாக எண்ணும் மெய்யைக் கணினி அகரமேறிய எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாக எண்ணும். கா, கி, கு முதலியவற்றையும் அவ்வாறே இரண்டாக எண்ணும். யாழ்ப்பாணம் என்னும் சொல் எமக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 இடம். 70 ஐக் கடந்த செய்தி 67 இடம் கொண்ட பகுதிகளாக உடைந்து செல்லும். ஒவ்வொரு பகுதியும் தனிச் செய்தியாகக் கணக்கிடப்படும். மேலே காட்டிய வாசகம், இடைவெளியும் நிறுத்தக்குறியும் உட்பட, 68 இடத்துள் அடங்கிற்று. கருவியிடம் இத்தனை இடத்துள் எழுதுக என்று கூறினும், அது சொற்றுண்டுகளைக் கொண்டு இயங்குவதாதலின், எழுத்தெண்ணிக்கையில் அடிக்கடி தவறும். ஆகவே எண்ணிப் பார்த்தலும் நம் கடனே.

அடுத்தது மொழி. இணையத்திலுள்ள தமிழெழுத்திற் பெரும்பகுதி தமிழ்நாட்டார் எழுதியது. அதனாற் கருவி தருவதும் பெரும்பாலும் அந்நாட்டு வழக்காகவே இருக்கும். அது குறையன்று, ஆயின் எம்மூர் வாசகருக்கு அது அயலாகும். எமது பனங்கட்டியை அது கருப்பட்டி என்றோ பனை வெல்லம் என்றோ எழுதும். அதனினும் கவனிக்கத்தக்கது சர்க்கரை என்னுஞ் சொல். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் வெள்ளைச் சீனியைக் குறிக்கும். யாழ்ப்பாணத்திலோ பொங்கலுக்கு இடும் சர்க்கரையைக் குறிக்கும். சர்க்கரை கலவாதது என்று கருவி எழுதியதை அப்படியே அச்சிடின், எம்மூரார் பொருளை மாறியே உணர்வர். சொல்லொன்றுதான், ஆனால் வணிகர் கொடுக்க எண்ணிய வாக்குறுதியே மாறிப் போய்விடுகின்றது. புதுக் காய்ச்சல் என்று எழுதின், பனங்கட்டியை மறந்து நோயை நினைப்போரும் இங்கே உளர். இத்தகைய நுட்பத்தை அறிவது ஊரோடு வாழ்ந்த செவி ஒன்றே.

சொல்லேயன்றி வாக்கிய அமைப்பும் நோக்கத்தக்கது. கருவியின் தமிழில் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு பலகாலும் தெரியும். உங்கள் காலையை இனிமையுடன் தொடங்குவதற்கான சரியான வழி என்றாற் போல்வன தமிழ்ச் சொற்களாலாகியும் தமிழரொருவர் வாயிற் பிறவாதன. இதற்கு மருந்து எளிது. வாசகத்தை உரத்து வாசிக்குக. சந்தையில் நின்று ஒருவரிடம் இதனை இவ்வாறே கூறுவோமா என்று கேட்குக. கூறோம் எனின், கூறும் வகையில் மாற்றுக. முதியோரை நோக்கிய விளம்பரத்தில் வா, வாங்கு என்று ஒருமையிற் கட்டளையிடுதலும் எம்மவர்க்கு ஒவ்வாது. வாருங்கள், வாங்குங்கள் என்று பன்மையிற் கூறுதலே மரபு.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானது மெய்ம்மை. 2025 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் நிகழ்ந்ததொன்றை இங்கே கூறுதல் பொருந்தும். அமெரிக்காவிலே பலகோடி மக்கள் காணும் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியையொட்டி, கூகிள் நிறுவனம் தன் ஜெமினி என்னும் கருவிக்கு விளம்பரப் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, விஸ்கொன்சின் மாநிலத்துப் பாற்கட்டி வணிகர் ஒருவர் தம் பொருளைப் பற்றிய வாசகத்தை அக்கருவியின் உதவியால் எழுதுவதைக் காட்டிற்று. உலகத்தார் உண்ணும் பாற்கட்டியில் நூற்றுக்கு 50 முதல் 60 வரையான பங்கு கௌடா என்னும் வகையே என்று அவ்வாசகத்தில் இருந்தது. அது பொருந்தாக் கணக்கென்று பார்த்தோர் சுட்டிக் காட்டினர். அத்தொகை இணையத்திற் பல இடங்களிற் காணப்படுவதே என்று நிறுவனத்தார் ஒருவர் முதலில் விடையிறுத்தார். பின்னர் நிறுவனம் அத்தொகையை நீக்கிப் படத்தைத் திருத்தியது. பலர் கூறுதலால் ஒன்று மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. பெருநிறுவனம் ஒன்றன் விளம்பரத்திலேயே இவ்வாறாயின், நான்கு வரி எழுதுவிக்கும் சிறு வணிகர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

எமது உதாரணத்திலும் இவ்விடர் உண்டு. பனங்கட்டியைப் பற்றிக் கருவியிடம் கேட்பின், அது நீரிழிவு நோயாளருக்கு ஏற்றது என்றொரு வரியையும் தானாகச் சேர்த்தல் கூடும். அத்தகைய கூற்று இணையத்திற் பல இடத்தும் உண்டு. ஆனால் பனங்கட்டியிற் பெரும்பகுதி சுக்குரோசு. சீனியில் உள்ளதும் அதுவே. அவ்வரியை நம்பி நாள்தோறும் உண்ணும் நோயாளர் ஒருவர் எம் அயல்வீட்டாராயிருத்தல் கூடும். விளம்பரத்தின் ஒரு வரி பிறர் உடலைத் தொடும் இடம் இது. நோய் தீர்க்கும் என்றும், வைத்தியர் பரிந்துரைத்தது என்றும், முதலாவது என்றும், ஒரே ஒன்று என்றும் வருங் கூற்றுக்கள் ஒவ்வொன்றுக்கும் கையில் ஆதாரம் உண்டா என்று வினாவுதல் வேண்டும். இல்லையெனின், இனிமையாயினும் அவ்வரியை நீக்குக.

எழுதியது கருவி, யானல்லன் என்று கூறித் தப்பலாமோ எனின், தப்பலாகாது. கனடாவில் எயார் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்த உரையாடற் கருவி, உறவினர் இறந்தமையாற் பயணஞ் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பயணத்தின் பின்னரும் கோரலாம் என்று தவறாகக் கூறிற்று. சலுகை மறுக்கப்பட்ட அவர் முறையிட்டபோது, கருவியின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்னும் வகையில் நிறுவனம் வாதிட்டது. பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்து நியாயசபை 2024 ஆம் ஆண்டு பெப்புருவரியில் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. அமெரிக்காவிற் போலியான வாடிக்கையாளர் புகழுரைகளை, கருவியால் எழுதப்பட்டவை உட்பட, தடைசெய்யும் விதி 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வணிகர் பாவனையாளரைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் விலக்குகின்றது. விளம்பரத்தின் அடியில் உள்ள பெயர் எவருடையதோ அவரே அதன் ஆசிரியர்; எழுதிய கை எதுவென்று வாங்குவோர் வினாவார்.

இங்கே மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். இக்கருவிகள் உள்ளபோது தமிழ்க் கட்டுரைப் பயிற்சி எதற்கு என்று வகுப்பில் வினாவுவோர் உளர். பத்து வாசகத்தில் ஒன்பதைத் தள்ளும் அறிவு எங்கிருந்து வரும் என்பதே எம் மறுவினா. தள்ளத் தெரிதற்கு, நல்லது இன்னது என்று முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவோ தானே எழுதி, அடித்து, மீண்டும் எழுதியவனுக்கே வாய்க்கும். ஆதலின், ஒரு பயிற்சியைக் கூறி அமைவாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ளதொரு பொருளை எடுத்துக் கொள்ளுங்கள். முருங்கைக்காயாயினும் ஒடியலாயினும் ஆகுக. அதனைச் செய்வோரிடமோ விளைப்போரிடமோ சென்று பத்து வினாக்களைக் கேளுங்கள். பின்னர் இருபது சொல்லுக்கு மேற்படாது ஒரு வாசகத்தை நீங்களே எழுதுங்கள். அதன்பின் அதே செய்திகளைக் கருவியிடம் கொடுத்து எழுதுவியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எதில் எச்சொல் வேண்டாதது, எதில் எவ்வுண்மை விடுபட்டது என்று நோக்குங்கள். சில வேளை கருவியின் தொடர் உங்கள் தொடரினும் செப்பமாயிருக்கும். அதனைக் கண்டு கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் அச்செப்பத்துக்கு அடியில் உள்ள செய்தியை, நீங்கள் நடந்து சென்று கேட்டு வந்தீர்கள் என்பதை மறவாதீர்கள்.

தொழில் செய்யும் பழைய மாணவ அன்பர்களே, கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நேரமும் பொருளும் மிச்சமாகும். ஆயின், அச்சிற்குக் கொடுக்குமுன் மூன்று வினாக்களை மட்டும் கேட்டுவிடுங்கள்: இது எம் பொருளுக்கே உரிய செய்தியா? இது எம்மவர் பேசும் தமிழா? இதனை வாங்குவோரின் முகத்தை நோக்கி எம் வாயாற் கூற இயலுமா? மூன்றாவது வினாவுக்கு விடை ஆம் எனின், முதலிரண்டிற் சிறு குறை இருப்பினும் வாசகம் பிழைக்கும். மூன்றாவதில் ஐயமுண்டாயின், எழுதியது கருவியாயினும் புலவராயினும் அவ்வரியை வெட்டிவிடுங்கள்.